இறக்கத்துக்கு ஆகாத பெல்ட்

வீட்டு வாசலிலேயே வைத்து கார் பெல்ட் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஐயா. ஒரு ஸ்பானர், கையில் கொஞ்சம் பலம், மழை இல்லாத ஒரு காலை நேரம், இவ்வளவு போதும். நான் அரை மணியில் முடித்துவிடுவேன். அன்றைக்கு மட்டும் ஒன்றரை மணி ஆனது. அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதட்டும் என்றீர்கள். மன்னிக்க வேண்டும். இன்னொருவர் எழுதியதற்குக் கீழே நான் இனிமேல் கை வைப்பதாக இல்லை. என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இருந்தாலும் நானே எழுதுகிறேன்.

கார் என் தங்கை புருஷனுடையது. அவன் எனக்கு மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் பதினோரு வருஷம் கூட்டாளி. ஒரே பட்டறை, ஒரே வண்டிக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து கிடப்போம். அவன் பள்ளிக்கூடம் போனவன், நான் போகாதவன். அது எங்களுக்குள் ஒரு நாளும் குறுக்கே வந்ததில்லை. நல்லவன் என்று நானே பார்த்துத்தான் தங்கையைக் கட்டிக் கொடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் பட்டறையில் வண்டி தூக்கும் லிஃப்ட் இறங்கிவிட்டது. அடியில் நான் நின்றிருந்தேன். பூட்டைப் போட்டிருந்தேன், டக்கென்று அது விழுந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆனால் பூட்டின் பல் தேய்ந்து போயிருந்தது, பாரம் தாங்கவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மற்றவர்கள் வாயைப் பிளந்து நிற்க, மாப்பிள்ளைதான் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, மறு கையால் என்னை வெளியே இழுத்துப் போட்டான். அதில் அவனுடைய வலது தோள் பிசகியது. அப்புறம் அது சரியாகவே இல்லை. வாளியைக்கூட இடது கையால்தான் தூக்குவான். வெளியே யாரிடமும் சொல்ல மாட்டான், வேலைக்கு ஆபத்து என்று. எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்றாம் நாள். பட்டறை மேனேஜர் கதவோரம் நிற்க, மாப்பிள்ளை இரண்டு தாளைக் கொண்டுவந்தான்.

"என்ன மாப்ளே எழுதியிருக்கு?"

"லிஃப்ட்டு பழசு, பூட்டு தேஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கு மச்சான். உன் மேல ஒண்ணும் இல்ல. பெருவிரல வை."

வைத்தேன். இரண்டிலும் வைத்தேன்.

"ஒண்ணு பட்டறைக்கு, ஒண்ணு உனக்கு. உன்னோடத நானே பத்திரமா வச்சுக்கிறேன். உன் கையில குடுத்தா போல்ட்டு நட்டு மடிச்சுருவே" என்றான். சிரித்தேன். மருந்து மயக்கத்திலும் அவன் சொன்னால் சிரிப்பு வரும்.

அடுத்த மாதம் எனக்கு வேலை இல்லை என்றார்கள். அதற்கடுத்த மாதம் அவன் சூப்பர்வைசர் ஆனான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. முதலாளிகள் அப்படித்தான், மாப்பிள்ளை என்ன செய்வான் என்று இருந்துவிட்டேன். அவர்கள் வீட்டுப் பின்னறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வேளையும் தங்கை தட்டோடு வருவாள்.

எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறானே என்று ஒரு நோட்டு வாங்கி வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் 'அ' போட்டேன்.

"உன் 'ழ'வைப் பாத்தா நண்டு ஓடுற மாதிரி இருக்குண்ணா" என்பாள். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். கை நிறைய வேலை செய்து முடித்தது போல இருக்கும். "பக்கத்தைத் திருப்புண்ணா, அந்தப் பக்கமும் இருக்கு" என்று தலையில் தட்டுவாள். இரண்டு வருஷம் தட்டினாள்.

இனி பெல்ட்டுக்கு வருகிறேன்.

ஒரு மாதமாகவே காலையில் வண்டியைக் கிளப்பினால் கீச்சென்று கத்தும். "மச்சான், நாளைக்கு மலை தாண்டி கம்பெனி தலைமை ஆபீசுக்குப் போகணும். இத மாத்திக் குடுத்துரு" என்று புது பெல்ட்டை அட்டை உறையோடு என் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். பட்டறையில் எத்தனையோ பேர் இருக்க என்னிடம் கொடுத்தான். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஒரே பெல்ட்தான் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து எல்லா உருளையையும் சுற்றும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, தண்ணீர் பம்ப், பவர் ஸ்டீயரிங் எல்லாம் அதன் தயவில் ஓடுகின்றன. கழற்றும் முன் அது போகிற வழியைப் படம் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் தரையில் சாக்பீஸால் கோடு இழுப்பேன். இந்த முறை தாளில் போட்டு, ஒவ்வொரு உருளைக்கும் பேர் எழுத வேண்டும் என்று ஆசை. பென்சில் தேடி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன்.

வண்டிக் காகிதங்களோடு ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு தாள். அதில் நீலமாக என் பெருவிரல். நடுவில் வெட்டுத் தழும்பு ஓடுகிற விரல், எங்கே பார்த்தாலும் தெரியும்.

பதினாறு வரி. ஒரு மணி நேரம் அதற்குத்தான் போனது, ஐயா. மூக்குக்கண்ணாடியை மாட்டி, எழுத்துக் கூட்டிக் கூட்டி, பம்பரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படித்தேன். "லிஃப்டின் பூட்டைப் போடாமல் வேலை செய்தது என் தவறு. பலமுறை எச்சரித்தும் நான் கேட்கவில்லை." அதற்குக் கீழே சாட்சி என்று மாப்பிள்ளையின் கையெழுத்து. சுருள் சுருளாக அழகான கையெழுத்து.

எனக்குக் கோபம் வரவில்லை. கால் போனபோது அழுதேன், இதற்கு அழவில்லை. வேறொருவன் கண்ணை வாங்கிப் பார்த்தால் அவன் காட்டுவதுதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன். பழைய பெல்ட்டைக் கழற்றி, அதையே திரும்பப் போட்டேன். புதியது என் கட்டிலுக்கு அடியில் இருந்தது, உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் அவனை ஏமாற்றவில்லை. பட்டறையில் ஒரு முறை உண்டு: வேலை பார்த்தவன் பானெட்டுக்குள் சீட்டு ஒட்ட வேண்டும், இன்னொருவன் வேலையைச் சரிபார்த்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டு வேலைக்கும் நாங்கள் அதை விட்டதில்லை. சீட்டில் நானே எழுதினேன்: "பழைய பெல்ட். மலை இறக்கத்துக்கு ஆகாது." 'ழ' நண்டு மாதிரிதான் இருந்தது, ஆனால் படிக்க முடியும். சாயங்காலம் அவன் வந்ததும் நீட்டினேன்.

"பாத்துட்டுப் போடு மாப்ளே."

"உன் வேலைய நான் பாக்கணுமாக்கும்? ரொம்பத்தான்" என்றான். காரின் கூரைமேல் வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டான். சீட்டைப் பார்க்கவில்லை. படித்தவன், ஐயா. நான் எழுத்தைக் கையால் மூடி நீட்டவில்லை. எனக்கு அவன் செய்ததைவிட நான் அவனுக்கு நியாயமாகத்தான் செய்தேன்.

அவன் மட்டும்தான் போவதாக இருந்தது. மறுநாள் காலை தங்கையும் பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"நானும் கூட வந்தாத்தான் இந்த மனுஷன் பயப்படாம உள்ள போவாரு. வரும்போது உனக்கு ஒரு சேதி கொண்டாரேன்ணா. அதுக்குள்ள ரெண்டு பக்கம் எழுதி வை. ரெண்டு பக்கம், சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஊன்றுகோலை ஊன்றிக் கேட்டைத் திறந்துவிட்டேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. கேட் துருப்பிடித்தது, மெதுவாகத்தான் திறக்கும். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு பக்கமும் எழுதினேன். ஒரு வரி விடவில்லை. திருத்தத்தான் ஆள் இல்லை.

பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். நல்ல தோள் உள்ளவன் பல்லைக் கடித்து வளைத்துவிடுவான். நான்காவது வளைவில் அவனால் முடியவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். என்னை இழுத்துப் போட்ட தோள் அது. அதன் கணக்கு எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், விட்டுப்போக வேண்டாம். பழைய பெல்ட் அவ்வளவு மோசமில்லை. கீச்சென்று கத்தினாலும் இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும். அதனால் உள்பக்கம் பிளேடால் கீறிவிட்டேன். தெருவில் தாங்க வேண்டும், மலையில் தாங்கக் கூடாது. முப்பது வருஷக் கை, அளவு தவறாது. சீட்டில் இதை எழுதவில்லை. இடம் போதவில்லை.

ஆக, செய்தது நான். இரண்டு பேரையும்.

இதோடு முடித்திருப்பேன். நீங்கள்தான் அந்த பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்து, திருப்பிப் போட்டு, "இந்தப் பக்கம் படிச்சியா?" என்று கேட்டீர்கள். அந்தப் பக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. சுருள் சுருளான அதே கையெழுத்து. மேலே தலைமை அலுவலகத்தின் பேர், பயணத்துக்கு முந்தின வாரத் தேதி. முதல் வரியை எழுத்துக் கூட்டினேன். "முன்பக்கத்தில் உள்ள பொய்யை எழுதியவன் நான். என் மச்சான் பூட்டைப் போட்டுத்தான்..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து எழுதியதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? மீதியை நீங்கள் படித்துச் சொல்கிறேன் என்றீர்கள். வேண்டாம் ஐயா, இனி யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை, நானே படித்துக்கொள்வேன். இன்றைக்கு மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று உங்களிடம் சொன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.