ஒரு சில்வர் கார்டுக்காக ஏதென்ஸ் வரைக்கும்

...இது ஒரு வரிசையாம்மா? நீயே சொல்லு. இந்தப் பக்கம் "முன்னுரிமை"ன்னு போர்டு வெச்சிருக்கான். அந்தப் பக்கம் போர்டே இல்ல. முன்னுரிமை வரிசையோட வால் எங்க இருக்கு பாரு... காப்பிக் கடையத் தாண்டி, கழிவறை வாசல்ல! போர்டு இல்லாத வரிசையில ரெண்டே பேரு, ஒரு பூனைக்கூடை. நான் எதுல நிக்கணும்? கழிவறை வாசல்லதான் நிக்கணும். ஏன்னா எங்கிட்ட விமானக் கம்பெனிக்காரன் குடுத்த சில்வர் கார்டு இருக்கு!

கொஞ்சம் தள்ளி உக்காரேன் கண்ணு. என் பெட்டி நிக்கட்டும் வரிசையில, அதுக்கென்ன, கால் வலிக்கவா போகுது. அப்பாடா... குழந்தை தூங்குதா? தூங்கட்டும், தூங்கட்டும், நான் மெதுவாத்தான் பேசுவேன். ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ... பயப்படாத, கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான். அழகா இருக்கானே. பேரு? இன்னும் வெக்கலியா... ஞானஸ்நானத்துக்கு அப்பா வரணுமா? அதுவரைக்கும் வெறும் பெபிஸ், பாப்பாதானா? சரி, பெபிஸ், நீ தூங்கு.

எந்த ஊரும்மா உனக்கு? கியோஸா! அட, கப்பல்காரங்க ஊரு. உங்க ஊர்ல ரெண்டு ஓட்டலுக்கு நான் திரைச்சீலை போட்டிருக்கேன். ஆமா, அதான் என் தொழிலு. எவாந்தியான்னா எல்லாத் தீவுலயும் தெரியும். போவேன், ஜன்னல அளப்பேன், துணியக் காட்டுவேன், அவன் வெலையக் கேட்டு நெஞ்சப் பிடிச்சுப்பான், நான் திரும்பிப் பறந்து வருவேன். அப்படிப் பறந்து பறந்து சம்பாதிச்ச கார்டும்மா இது. யாரும் தூக்கிக் குடுத்துடல.

இந்த வருஷம் பாரு, ஓட்டல்காரன் எல்லாம் கெட்டுப் போயிட்டான். "நீங்க வர வேணாம் எவாந்தியா, துணிய போட்டோ எடுத்து அனுப்புங்க." போட்டோல துணியத் தொட்டுப் பாக்க முடியுமாடா? ம்? நான் பறக்கலேன்னா என் கார்டு என்னாகும்னு ஒருத்தனாவது யோசிச்சானா? வருஷத்துக்கு இத்தன பறப்பு பறந்தாத்தான் கார்டு நிக்கும். இன்னிக்கு வருஷத்தோட கடைசி நாள். ராத்திரியோட கணக்க மூடிடுவான் கம்பெனிக்காரன். எனக்கு ரெண்டு குறையுது.

அதனால... நீ சிரிக்கக் கூடாது... காலைல தெசலோனிக்கிலேந்து ஏதென்ஸ் வந்தேன். ஒரு காப்பி குடிச்சேன். இப்ப தெசலோனிக்கிக்கே திரும்பிப் போறேன்.

வேலையா? ஒரு வேலையும் இல்ல. போக ஒண்ணு, வர ஒண்ணு, ரெண்டு பறப்பு ஆச்சா?

சிரிக்காதேன்னு சொன்னேனே! என் புருஷன் ஸ்தாத்திஸும் இப்படித்தான் சிரிச்சாரு. "நாளைக்கு லிஃப்டுல ஏறி எறங்கினாலும் கார்டு குடுப்பாங்களான்னு கேளு"ங்கறாரு. அவருக்கு என்ன தெரியும்?

சரி, அந்தக் கார்டுல என்னதான் வருதுன்னு கேக்கறே. உன் மூஞ்சியிலயே தெரியுது. கேளு, சொல்றேன். தீவுங்கள்ல விமானத்துக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போவான் இல்ல? எங்கள முதல்ல ஏத்துவான். "சில்வர் பயணிகளே, வாருங்கள்!" ராணி மாதிரி ஏறுவேன். ஏறி, உள்பக்கமாப் போயி, கம்பியப் பிடிச்சுட்டு நிப்பேன். அப்புறம் ஊர் முழுக்க ஏறும். குடை, பொட்டி, சர்ஃப் பலகை, ஒரு கல்யாண கோஷ்டி. என் மூக்கு ஜன்னல்ல ஒட்டிக்கும். விமானத்துகிட்ட கதவு தொறந்தா யாரு முதல்ல எறங்குவாங்க? கடைசியா ஏறினவன்! நான் கடைசி. முதல்ல ஏத்தி கடைசியா எறக்கற மரியாதைய நீ வேற எங்கயாவது பாத்திருக்கியா?

பெட்டிக்கு ஒரு ஆரஞ்சு கலர் சீட்டு கட்டுவான். "இது முதல்ல வரும் மேடம்." வராது. பட்டையில சுத்திட்டு இருக்கற கடைசிப் பெட்டியில ஆரஞ்சு சீட்டு இருந்தா அது என்னோடதுதான். தனி போன் நம்பர் குடுத்திருக்கான், எங்களுக்குன்னு. போட்டா பாட்டு. அதே பாட்டுதான், ஆனா கொஞ்சம் நல்ல கிட்டார்.

ம்? அந்தச் சாப்பாட்டு அறையா? கண்ணாடிக் கதவு போட்ட அறையா? ஐயோ, அதக் கேக்காத. அது கோல்டு கார்டுக்குத்தான். சில்வருக்கு இல்ல. கதவு வரைக்கும் போலாம், கதவ நல்லாப் பாக்கலாம்.

மெல்போ போவா. மெல்போ யாரா? என் ஓர்ப்படியா! ஸ்தாத்திஸோட தம்பி பொண்டாட்டி. அவளுக்கு கோல்டு. பிரசெல்ஸ்ல ஏதோ மொழிபெயர்ப்பு வேல, மாசத்துல பாதி நாளு வானத்துலதான் இருப்பா. போன கோடையில நாங்க எல்லாம் சேர்ந்து ரோடோஸ் போனோம். கோல்டு வெச்சிருந்தா கூட ஒருத்தர உள்ள கூட்டிட்டுப் போலாமாம். அவ புருஷன் அன்னிக்கு வரல. யாரக் கூட்டிட்டுப் போனா தெரியுமா? என் புருஷன! "அண்ணா, வாங்களேன், பாவம் நீங்க வேர்த்துப் போயிருக்கீங்க." இவரும் வாலாட்டிட்டுப் போனாரு! நான் வெளியில, நாலு பெட்டியோட, அதே கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உள்ளேந்து ஒரு பல்குச்சியில ஆலிவ் காயக் குத்தித் தூக்கிக் காட்டறா எனக்கு. "உங்க ஆரோக்கியத்துக்கு, அக்கா!"

அந்த ஆலிவ என்னிக்கும் மறக்க மாட்டேன்.

இன்னிக்கு ராத்திரி எல்லாரும் எங்க வீட்டுல. வசிலோபிதா வெட்டணும். அந்தக் கேக்குல ஒளிச்சு வெக்கற அதிர்ஷ்டக் காசு மூணு வருஷமா மெல்போ துண்டுலயேதான் வருது. கத்தி அவ கையில இருக்கு, பின்ன வராதா? வெட்டிட்டு கேப்பா பாரு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி: "அக்கா, உங்க சின்னக் கார்டு இன்னும் இருக்கா?" சின்னக் கார்டாம்! அதுக்குத்தாம்மா இத்தனையும். "இருக்கே"ன்னு ஒரு வார்த்த சொல்லணும். கேக்க மென்னுட்டே, சும்மா, ஒண்ணுமில்லாத மாதிரி, "இருக்கே மெல்போ"ன்னு.

அதுலயும் நான் எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா? இந்த ரெண்டு டிக்கெட்டுக்கும் நான் ஒரு காசு குடுக்கல. இத்தன வருஷம் சேர்ந்த பாயிண்ட் கெடக்குது இல்ல, அதுல வாங்கிட்டேன். பாயிண்ட்டுல பறந்து கார்டக் காப்பாத்தறது! எப்படி என் மூளை? வாங்கறதுக்கு முன்னாடி மெல்போகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். உடனே, "வேணாம் அக்கா, காசு குடுத்து வாங்குங்க, பாயிண்ட்டுல வாங்காதீங்க"ன்னா. பாத்தியா பொறாமைய! நான் சும்மா பறக்கறத அவளால தாங்க முடியல. போன வெச்சுட்டு அந்த நிமிஷமே பாயிண்ட்டுல வாங்கினேன்.

இரு... என்ன சொல்றான் மைக்குல? "இடத்துக்கு மேல டிக்கெட் வித்தாச்சு... யாராவது விட்டுக்குடுத்து சாயங்கால விமானத்துல..." ஹா! வருஷக் கடைசியில எவன் விட்டுக்குடுப்பான்? எல்லார் வீட்டுலயும் கேக்கு வெந்துட்டு இருக்கு. நீ பயப்படாத. சில்வர் கார்டோட ஒரே நல்ல குணம் இதுதான், சொல்ல மறந்துட்டேன். எங்களத் தொட மாட்டான். கார்டு இல்லாதவங்களா பாத்து, கடைசியில வந்தவங்களா பாத்துத்தான் எறக்கி விடுவான்...

ஏம்மா? ஏன் அழறே?

உன்னயா? உனக்கா இடம் இல்லேன்னுட்டான்? கியோஸ்லேந்து வந்த விமானம் லேட்டா? அதுக்கு நீ என்ன பண்ணுவ! கைக்குழந்தையோட ஒரு பொண்ண... சரி, சாயங்காலம் ஒண்ணு இருக்குங்கறானே, அதுல வரக் கூடாதா? என்ன? மெதுவாச் சொல்லு, மூச்சு விடு... வீட்டுக்காரர் கப்பல்ல... தெசலோனிக்கி துறைமுகத்துல... இருட்டறதுக்குள்ள கிளம்பிடுமா கப்பலு? அப்ப இவன... இவனப் பாத்ததே இல்லியா அவரு? பொறந்ததுலேந்து?

போட்டோலதானா. ம். போட்டோல தொட்டுப் பாக்க முடியாதே.

நீ உக்காரு. அந்தக் கண்ணத் தொடச்சுக்கோ. இந்தா என் கைக்குட்டை. நான் போய் அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வரேன். லெஃப்தேரிஸ்னு சட்டையில பேரு குத்தியிருக்கான் பாரு, அவன்கிட்ட. என் கார்டக் காட்டறேன். எட்டு வருஷமா சில்வர் நான். இன்னிக்காவது இது எதுக்காவது ஆகட்டும். என் பெட்டியப் பாத்துக்கோ.

...

தள்ளி உக்காரு கண்ணு.

இல்ல, ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கறேன்.

பேசினேன். கார்ட எடுத்து அவன் மேசையில டக்குனு வெச்சேன். "நான் சில்வர். இந்தப் பொண்ண ஏத்தலேன்னா இங்க என்ன நடக்கும்னு தெரியுமா?"ன்னேன். அவன் ரொம்ப மரியாதையா என் டிக்கெட்டப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். டாக்டர் பாப்பாரே, சோதனை எல்லாம் முடிஞ்சப்புறம், அந்த மாதிரி. "மேடம், நீங்க பாயிண்ட்டுல வாங்கியிருக்கீங்க. பாயிண்ட்டுல பறந்தா கணக்குல சேராது. காலைல வந்ததும் சேராது. இப்பப் போறதும் சேராது. இன்னிக்கு ராத்திரியோட உங்க சில்வர் முடியுது"ங்கறான்.

முடியுதாம்.

சிரி. இப்ப சிரிக்கலாம். நான் தடுக்கல.

அவ சொன்னா கண்ணு. மெல்போ சொன்னா. "பாயிண்ட்டுல வாங்காதீங்க அக்கா"ன்னு வாயத் தொறந்து சொன்னா. நிஜமாவே நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கா, கடங்காரி! ஒரு தடவ, ஒரே தடவ அவ நல்லதுக்குச் சொல்லணும், அன்னிக்குத்தானா நான் காதப் பொத்திக்கணும்? வேற யாரு சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். அந்தப் பூனைக்கூடைக்காரர் சொல்லியிருந்தாக் கூட!

இப்ப நான் இந்த விமானத்துல எதுக்குப் போறேன்? சொல்லு. கணக்குக்கும் இல்ல. சீக்கிரம் போயி மெல்போ மூஞ்சியக் கூட ரெண்டு மணி நேரம் பாக்கறதுக்கா?

ஏய் லெஃப்தேரிஸ்! ஆமா, உங்களத்தான்! என் இடத்த இந்தப் பொண்ணுக்குப் போடுங்க. நான் சாயங்காலம் வரேன். ஆமாம்பா, நெனவோடதான் பேசறேன்.

எந்திரி, எந்திரி. கையெல்லாம் பிடிக்காத. நான் ஒண்ணும் புண்ணியம் பண்ணல, எனக்குப் போக மனசில்ல, அவ்வளவுதான். பைய எடு. பால் புட்டி கீழ கெடக்கு பாரு. அந்தக் குல்லாவ இழுத்து விடு, துறைமுகத்துல காத்து பலமா இருக்கும். அப்பாகிட்ட நேரா கையில குடுத்துடு, தூங்கினாலும் பரவால்ல, எழுப்பிக் குடு. முன்னுரிமை வரிசையில போயி நிக்காத, கப்பலே கிளம்பிடும்... இரு, என்னமோ கூப்பிடறான்...

"கைக்குழந்தையோட வந்திருக்கறவங்க முதல்ல வரவும்."

கேட்டியா! கேட்டியா இத! நான் தீவு தீவா ஓடி, பஸ்ஸுல மூக்க நசுக்கிட்டு எட்டு வருஷம் நின்னு வாங்கினத... இன்னும் பேரு கூட வெக்காத பயலுக்கு சும்மா குடுக்கறான்! சில்வருக்கும் முன்னாடி! கோல்டுக்கும் முன்னாடி! மெல்போவே வந்தாலும் இவன் பின்னாடிதான் நிக்கணும். ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ, என் ராசா. போ, போ. நின்னு நன்றி சொல்லிட்டு இருக்காத, ஓடு.

இரு, ஒரே ஒரு நிமிஷம்! இங்க வா. யாராவது கேட்டா, நான் காசு குடுத்து வாங்கின டிக்கெட்டுன்னு சொல்லு. யாரு கேப்பாங்களா? கேக்க மாட்டாங்க. கேட்டா. சரி, போ.

...அலோ? மெல்போ? நான்தாம்மா. கேக்க வெட்டிடாதீங்க, நான் சாயங்கால விமானத்துலதான் வரேன்... ஏனா? என்னத்தச் சொல்ல... இங்க ஒரு பச்சப்புள்ளைக்காரி, மெல்போ. கப்பல்காரன் பொண்டாட்டி. அவன் இன்னும் குழந்தை மூஞ்சியப் பாக்கல. இடமில்லேன்னுட்டான்... ஆமா... எல்லாரும் பாத்துட்டு சும்மா நின்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. என் இடத்த எடுத்துக் குடுத்துட்டேன்... கார்டா? போச்சு. இந்த ஒரு பறப்ப விட்டதுலதான் போச்சு. சாயங்காலம் கம்பெனிக்காரன் சும்மா ஏத்திட்டு வரது கணக்குல சேராதாம். வேற எதனாலயும் இல்ல... பின்ன? நீ சொன்ன மாதிரி காசு குடுத்துத்தான் வாங்கினேன்! உன் பேச்ச நான் என்னிக்காவது தட்டியிருக்கேனா? போகட்டும் மெல்போ, ஒரு குழந்தைக்கு முன்னாடி கார்டு என்ன பெரிய கார்டு... அலோ? ஏன் சத்தமே இல்ல? மெல்போ? அழறியா? அட, அழாத... நான் ஒண்ணும் பெருசாப் பண்ணல... ஸ்தாத்திஸ்கிட்ட சொல்லிட்டியா? எல்லார்கிட்டயும் சொல்லு, ஆமா, சொல்லு... சரி, வெச்சுடறேன்.

அழறா! கோல்டு கார்டுக்காரி அழறா!

திரும்பிப் பாக்காத பொண்ணே, கதவ மூடிடுவான், போ!

லெஃப்தேரிஸ், சாயங்கால விமானத்துக்கு வரிசை எங்கப்பா? இதேதானா? சரி. ஏங்க, பூனைக்கூடை, கொஞ்சம் வழி விடுங்க, நான் அந்தக் கழிவறை வாசல் வரிசைக்குப் போகணும். ராத்திரி வரைக்கும் நான் சில்வர்தான், தெரியுமில்ல?