ஆயுத பூஜையன்று ஆள் தொடாமல் ஓடிய கம்ப்யூட்டர்

என் பெயர் கண்ணகி, வயது 43, கணவர் பெயர் ராஜாங்கம். ரிஷிவந்தியம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் கடை நடத்திவருகிறேன், கடைக்குப் பின்புறமே குடியிருக்கிறேன். 2021 அக்டோபர் 18-ம் தேதி கள்ளக்குறிச்சியில் விசாரணை அதிகாரி முன்பு நானாக ஆஜராகி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொல்வதாவது.

எங்களுக்குக் களமருதூரில் நெல் நிலம் உண்டு. அதைக் கணவர் பார்க்கிறார், கடையை நான் பார்க்கிறேன். கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில் எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த முனியன் என்பவர் மகள் இசைவாணி, வயது 25, சில வருடங்களாக வேலை பார்த்தாள். அவள் அரசுத் தேர்வு எழுதித் தேறியிருக்கிறாள். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பெயரில் வழக்கு இருந்தால் அந்த வேலை கிடைக்காது.

கடந்த மாதம், ஒதுக்கீட்டு வழக்கு கோர்ட்டில் இருந்து ஊரே சூடாக இருந்த சமயத்தில், இசைவாணியின் முகநூல் பக்கத்தில் ஒதுக்கீடு கேட்கிறவர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் பற்றி ஒரு பதிவு வந்தது. அந்த வார்த்தைகளை நான் இங்கே சொல்ல மாட்டேன். நானும் அந்த ஜனத்தில் ஒருத்திதான், படித்தபோது எனக்கு உடம்பு எரிந்தது. அதன் பிறகு என் கணவரின் பெரியப்பா மகன் ஆதிமூலம் ஆட்களைத் திரட்டிச் சாலை மறியல் செய்து, இசைவாணி பேரில் புகார் கொடுத்தார். வழக்குப் பதிவாகி அவளுடைய போனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைக் கம்ப்யூட்டரை யாரும் நினைக்கவில்லை. அவள் என்னிடம் தான் எழுதவில்லை என்று சொன்னாள். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வழக்கு முடியும்வரை கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அதற்கு முன்பே ஒருமுறை, கம்ப்யூட்டரில் அம்புக்குறி தானாக நகர்கிறது என்று இசைவாணி சொல்லியிருக்கிறாள். மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது மவுஸ் வாங்கிப் போட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு இந்த மாதம் 14-ம் தேதி ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, ஜெராக்ஸ் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கீபோர்டின் மேல் பூச்சரம் போட்டு நடுவில் பூசணித் துண்டும் எலுமிச்சம்பழமும் வைத்தோம். மவுஸ், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், என்னுடைய போன் எல்லாவற்றையும் வாழை இலையில் வைத்துப் பொட்டு இட்டோம். மவுஸ் மல்லாக்கக் கிடந்தது. திரையில் சரஸ்வதி படம் தெரியவேண்டும் என்று என் கணவர் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டிருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கற்பூரம் காட்டி முடித்து, வந்திருந்த ஆதிமூலத்துக்குச் சுண்டல் கொடுத்தேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திரையில் அம்புக்குறி நகர்ந்தது. கடையில் நாங்கள் மூன்று பேர்தான், மூவருமே கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி நின்றோம். சரஸ்வதி படத்தை மறைத்துக்கொண்டு முகநூல் திறந்தது. மேலே இசைவாணி பட்டம் வாங்கிய போட்டோ இருந்தது. அவள் கணக்கு அந்தக் கம்ப்யூட்டரில் மூடாமலே இருந்திருக்கிறது. கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கீபோர்டில் பூ அப்படியே இருந்தது. வந்ததும் முன்பு வந்த மாதிரி அசிங்கம்தான். ஒரு பதிவு போய், அடுத்தது ஆரம்பித்தது. என் கணவர் சுவிட்சை அணைக்கப் போனார். அணைக்கவேண்டாம், அந்தப் பெண் வந்து பார்க்கட்டும் என்று அவரைத் தடுத்து, காலனிக்கு வண்டியில் அனுப்பினேன். போனில் படம் எடுக்கும் நினைப்பு எனக்கு வரவில்லை.

இசைவாணி வந்து வாசற்படியிலேயே நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டு, பூஜைப் பொரியை அவள் இரண்டு கையிலும் போட்டேன். தன் பெயருக்குக் கீழே எழுத்து ஓடுவதை அவள் பார்த்தாள். அழவில்லை. ஆதிமூலத்தைப் பார்த்து, "என் கை ரெண்டும் இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்குது, நல்லா பார்த்துக்குங்க" என்றாள். அதன் பிறகு நான் நெட் ஒயரைப் பிடுங்கினேன். அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சரத்குமாரைப் பக்கத்துக் கடை போனில் கூப்பிட்டேன், என் போன் பூஜையில் இருந்தது. அவர் வெள்ளிமலையில் ஒரு வேலையாக இருந்ததால் மலையில் டவர் கிடைக்காமல் இரவில்தான் பேச முடிந்தது, மறுநாள் வந்தார். ஆதிமூலமும் வந்துவிட்டார். சரத்குமார் உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிரிண்டர் பெயரை வைத்துக்கொண்டு ஒரு திருட்டு சாஃப்ட்வேர் ஒளிந்திருப்பதைக் காட்டினார். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதன் வழியாக எங்கள் கம்ப்யூட்டரை ஓட்டலாம் என்றார். வாட்ஸப்பில் சும்மா வந்த தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோடு அது வந்திருக்கிறது. அந்த சாஃப்ட்வேர் ஓடவேண்டும் என்று ஆன்டி வைரஸை நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம், காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துபோட்ட மாதிரி. முதல் பதிவுக்கு முன்பே அது உள்ளே வந்துவிட்டது என்று தேதியைக் காட்டி, தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினால் போய்விடும் என்றார்.

ஆதிமூலம் உடனே அழிக்கச் சொன்னார். அழித்தால் அந்தப் பெண் எழுதவில்லை என்பதற்கு இருக்கும் சாட்சியும் சேர்ந்து போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் சரத்குமாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "ஜனத்தைக் கூட்டியாந்து ரோட்டுல குந்த வெச்சவன் நானு. இப்ப அது எழுதலன்னா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? நீ நம்ம வூட்டுப் பொண்ணா, அவங்க வூட்டுப் பொண்ணா?" என்று கேட்டார்.

"நான் கண்ணால பார்த்தவ, மாமா" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். என் கணவர் வாசல்வரை அவர் பின்னால் போய்த் திரும்பி வந்தார்.

அதன் பிறகு சரத்குமாரிடம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றச் சொல்லி, புதிது போடச் சொன்னேன். கழற்றியதைச் சுற்றி வைக்க என் கணவரே வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்தார். புது டிஸ்க்கில் அந்த டைப்பிங் சாஃப்ட்வேர் இல்லை, ஆன்டி வைரஸ் ஓடுகிறது. பழைய டிஸ்க்கையும் சரத்குமார் எடுத்த படங்களையும் இப்போது ஒப்படைக்கிறேன். அவரும் வந்து சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

ஆதிமூலம் அன்று எதையும் பார்க்கவில்லை என்று ஊரில் சொல்லிவருகிறார். இன்னும் கொஞ்ச நாளில் சுண்டல் சாப்பிட்டதையும் இல்லை என்பார். எங்கள் ஜனத்தில் பலர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. வெளியிலிருந்து அதை ஓட்டியவன் யார் என்று எனக்குத் தெரியாது.

வேறு சொல்ல வேண்டியது உண்டா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் புகுந்திருந்ததை சரத்குமார் எடுத்துவிட்டார். இசைவாணி பேரில் இங்கே எழுதி வைத்திருப்பதை நீங்கள்தான் எடுக்கவேண்டும். அடுத்த மாதத்துக்கு முன்னால் எடுக்கவேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். கண்டதையும் கேட்டதையும் தவிர நானாகச் சேர்த்தது இதில் எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ரா. கண்ணகி