கம்ப்யூட்டர் குடுத்த தேர் நாள்

இல்ல பாஸ், இன்னொரு தடவ நல்லா பாருங்க. மெஷின்ல கண்டிப்பா கோளாறு இருக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து பண்டமாரான் வரைக்கும் மோட்டார் சைக்கிள்ல வந்துட்டு, மூடியக் கழட்டி உஃப்னு ஊதிட்டு "ஓகே"ன்னா எப்படி லா? தே தாரே, நல்லா ஆத்துன டீ, ஆறிப் போவுது, குடிங்க.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுதான். ஆனா கோயில் செக்ரட்டரி இந்தக் காசிவிஸ்வநாதனுக்குக் கமிட்டியப் பத்தித் தெரியும்! பத்து நாள் திருவிழா, நாளுக்கு ஒரு குடும்பம் உபயம். எல்லாருக்கும் தேர் நாள்தான் வேணும். போன வருஷம் அந்தச் சண்டையில சட்ட கிழிஞ்சிருச்சு. யாரு சட்ட? என் சட்டதான். அதான் தலைவர் பெரியகருப்பன் சொன்னாரு, "இனிமே கம்ப்யூட்டர் முடிவு பண்ணட்டும், அதுக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல"ன்னு. எல்லாரும் கை தட்டுனோம். நான்தான் ரொம்ப சத்தமாத் தட்டுனேன்.

சரி, மெஷினுக்கு விவரம் குடுக்கறது யாரு? நான்! எத்தன வருஷமா மெம்பர், கோயிலுக்கு என்னென்ன சேவை செஞ்சாங்க, அதுக்கு எவ்வளவு மார்க்கு... எல்லாம் தட்டி விட்டா, அது கூட்டிப் பாத்து யாருக்கு எந்த நாள்னு சொல்லும். தட்டுனேன். தேர் நாள், நல்லம்மாள்னு வந்துச்சு.

நல்லம்மாள் அக்காவ உங்களுக்கு எங்க தெரியும், நீங்க கோலாலம்பூர் ஆளு. புருஷன் துறைமுகத்துல வேல செஞ்சு செத்துட்டாரு, தனியா இருக்காங்க. வெள்ளிக்கெழம தவறாம கோயிலக் கூட்டி, கழுவி, கோலம் போடுவாங்க. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சே, எங்கியோ தப்பாத் தட்டிட்டோம்னு! ஏன்னா வீட்டுல அழகம்மை, என் சம்சாரம், தேர் நாள் நமக்குத்தான்னு ஈப்போ வரைக்கும் போன் போட்டு முடிச்சிட்டா.

அதனால செக் பண்ணேன். திருத்துனேன் பாஸ், திருத்துனேன்! கூட்டறதெல்லாம் ஒரு சேவையா, வீட்டுல கூட்டலியான்னு அவங்க மார்க்கக் கொறச்சேன். எங்கப்பா ஒரு காலத்துல மைக் செட் தூக்கிட்டு வந்தாரு, அத எனக்குச் சேத்தேன். அப்பவும் வரல. சட்ட கிழிஞ்சது சேவை இல்லியா? அதயும் சேத்தேன். வந்துருச்சு! தேர் நாள், காசிவிஸ்வநாதன்! அப்ப மட்டும் செக் பண்ணத் தோணல பாருங்க. எவ்வளவு அறிவுடா உனக்குன்னு மெஷினத் தட்டிக் குடுத்தேன் லா, நாய்க்குட்டியத் தட்டுற மாதிரி.

இதுல கொடுமை என்னன்னா, ஒருத்தரும் சண்ட போடல. நான் வாயால சொல்லிருந்தா கழுத்தப் புடிச்சிருப்பானுங்க. கம்ப்யூட்டர் பேப்பர்ல வந்ததும் கம்முனு போய்ட்டானுங்க. அவனுங்கள விடுங்க, நானே நம்பிட்டேன் பாஸ்! கம்ப்யூட்டரே பாத்துக் குடுத்துருச்சுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன்.

நேத்து அக்கா வந்தாங்க. கையில ஒரு பட்டுச் சேலை. என்னிக்காச்சும் தேர் நாள் கெடைச்சா அம்மனுக்குக் கட்டணும்னு வருஷக்கணக்கா பெட்டியில வச்சிருந்தாங்களாம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது தம்பி. எனக்குக் குடுப்பின இல்ல. உங்க உபயத்துல இதக் கட்டி விட்டுருங்க"ன்னு குடுத்துட்டுப் போய்ட்டாங்க. சோறு எறங்கல பாஸ். வெக்கமா இருக்கு.

அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். மெஷின்ல கோளாறுன்னு தலைவர்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. மறுபடி போட்டுர்றேன், ஒழுங்காப் போடுறேன், சத்தியமா! அக்காவுக்கும் கெடைச்சிரும், என் மானமும்... என்ன பாஸ், ஸ்குரூடிரைவரப் பையில வைக்கிறீங்க? அது மேல பழி போட்டா அதுக்கு வலிக்கவா போவுது? ஐயோ, ஹெல்மெட் எதுக்கு இப்ப? தே இன்னும் பாதி இருக்கே... பாஸ்! பாஸ்!

...அடடே, வாங்கக்கா. இன்னிக்கு வெள்ளிக்கெழமல்ல... ஆமா, ரிப்பேர்காரருதான், போய்ட்டாரு. இல்லக்கா, மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லியாம். வெளக்கமாத்தக் கீழ வச்சிட்டு மொதல்ல இப்படி உக்காருங்க.