மச்சினன் சொன்ன சாட்சி

புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்குக் கிழக்கேகோட்டையில் புறப்பட்ட விழிஞ்ஞம் பஸ். எனக்கு முன் இருக்கையில் நீலச் சட்டை போட்ட இரண்டு சுமைத் தொழிலாளர்கள். மூத்தவர் பத்திரிகையை மடித்தார்.

“தொழிற்சங்கத் தகராறுல அடிச்சா ஜாமீன் கிடைக்காதபடி சட்டம் வரப்போகுதாம். அன்னைக்கே வந்திருந்தா என் மச்சினனுக்கு ஒரு கண்ணு போயிருக்காது.”

“அடிச்சது யாருண்ணே?”

“நான்தான்.”

இளையவர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்.

“லாரிச் சரக்கு இறக்குறது நம்ம யூனியன் வேலைல்லா. யூனியன் ஆளைக் கூப்பிடாம, அவன் வேலை பாக்குற கடைக்கு அவனே லாரியில இருந்து டைல் இறக்கினான். என்னைக் கண்டதும் ‘அத்தான், நானாக்கும்’னான். நம்ம ஆளுங்க எல்லாம் பாத்துட்டு நிக்காங்க. தெரியாத ஆளு மாதிரி மலையாளத்துல ஏசிட்டு அடிச்சேன்.”

“அடிக்கப்பிடாதுன்னு அப்பவும் சட்டம் உண்டுல்லா?”

“உண்டு.”

பஸ் திருவல்லத்தைத் தாண்டியது. பிறகு இளையவர்தான் கேட்டார்.

“கோர்ட்டுல அவன் என்ன சொன்னான்?”

“அடிச்ச ஆளைத் தெரியாதுன்னுட்டான். அவன் அக்கா என்கூட வாழணும்லா, அதுக்காக.”

“பின்னே என்ன, தப்பியாச்சுல்லா அண்ணே.”

“இன்னைக்கு அவன் புதுவீட்டுக்குப் பால்காச்சு. அக்காவை மட்டும்தான் கூப்பிட்டிருக்கான்.”