பஞ்சு அறையின் தாழ்ப்பாள்

இலவம்பஞ்சுக்கு ஈரம் ஆகாது, ஐயா. அதனால்தான் எங்கள் பாத்தி ஊர்ப் பக்கத்து மெத்தைக் கொட்டகைகளில் வெயில் காலத்தில் வேலை மும்முரமாக நடக்கும். ஆனால் வெயிலோடு கிழக்குக் காற்றும் வந்து சேரும். பஞ்சு அறையின் கதவைக் காற்று தள்ளிவிட்டால் ஒரு நாள் பாடு தெருவில் பறந்துவிடும். ஆகவே, மூட்டை கட்ட ஆள் உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். கட்டி முடித்தவர் மூன்று தட்டு தட்டுவார், வெளியே இருப்பவர் திறப்பார். நீங்கள் அதைக் குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் முழுக்க வழக்கமே அதுதான்.

ருமினி என் தங்கை. அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பஞ்சு மூட்டைமேல் கிடத்திவிட்டு, அழுதால் காலால் ஆட்டிக்கொண்டே விதை பொறுக்குவேன். பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தங்கையும் என்னோடு வருவாள் என்றேன். யாரும் மறுபடி வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. என் கையைத் தலைக்குக் கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

போன மாதம் மலேசியாவில் வீட்டு வேலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டாள், என்னைக் கேட்காமலே. மூன்று வருஷம். நான் சண்டை போடவில்லை. அவள் கட்டிப்பிடித்துத் தூங்க ஒரு நீளத் தலையணை தைக்க ஆரம்பித்தேன்.

"ஏன்க்கா, அந்த ஊர்ல தலகாணியே கிடையாதா? இதத் தூக்கிட்டுப் போனா பொணத்தக் கொண்டு போறான்னு நெனப்பாங்க" என்று சிரித்தாள்.

"எவளோ அடைச்ச பஞ்சுல போய் நீ படுப்பியாடி?"

"படுத்துப் பழகிக்கிறேன். உன் கை இல்லாமலும் பழகணும்ல?"

எனக்கு வலித்தது. கோபமெல்லாம் இல்லை.

புறப்படும் நாளன்று பகல் பன்னிரண்டுக்கு வேன் வருவதாக இருந்தது. கொட்டகையில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தலையணைக்கு இன்னும் இரண்டு கை பஞ்சு வேண்டும், நீயே நல்லதாகப் பார்த்து எடுத்து வா என்று ருமினியிடம் சொன்னேன். போகிற நேரத்தில் என் மனசு கோண வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பஞ்சு அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் போட்டேன். மூன்று தட்டு கேட்டது. வேன் போகட்டும், அப்புறம் திறக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, வெளயாடாத! வண்டி வந்துரும்!"

அவளுக்குப் பெரிய குரல். தெருவில் கேட்டால் யாராவது வந்து திறந்துவிடுவார்கள். அதனால் இயந்திரத்தைப் போட்டேன். அது பஞ்சை அடித்து அந்த அறைக்குள் ஊதும். உள்ளே ஆள் இருந்தால் அதைத் தொடக்கூடாது. வெறும் இயந்திரம் ஓடினால் முதலாளி சத்தம் போடுவார், அதனால் பஞ்சையும் கூடை கூடையாகக் கொட்டினேன்.

தட்டுகள் மூன்று மூன்றாகத்தான் வந்தன. பதறிப்போயிருந்தும் பிள்ளை வழக்கத்தை விடவில்லை.

வேன்காரன் வாசலில் நின்று, இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தினான். "ருமினி எங்கம்மா? நேரமாச்சு!"

"மனசு மாறிட்டா. போகலயாம்" என்றேன்.

"இத நேத்தே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். அப்போது தட்டு நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. மீதி இரண்டு கூடையையும் போட்டு முடித்தேன்.

கதவைத் திறந்து பஞ்சை விலக்கிப் பார்த்தேன். குழந்தையில் மூட்டைமேல் கிடந்த மாதிரியே கிடந்தாள். கழுத்துக்கு இறங்கியிருந்த முகத்துணியை அவிழ்த்து, வாயில் இருந்த பஞ்சை விரலால் எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. என் கையை அவள் தலைக்குக் கொடுத்துப் பக்கத்தில் படுத்து அழுதேன், ஐயா. அப்படி நான் அம்மாவுக்குக்கூட அழவில்லை.

தட்டியது காதில் விழவில்லை என்று முதலில் சொன்னது பொய். எல்லாத் தட்டும் கேட்டது. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்காணாத அந்த ஊரில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்?