வாசல் வரைக்கும் போன சைக்கிள்

— ஏனுங்க, பக்கத்து ஊட்டு பிரான்சிஸ் அண்ணன் சொல்றது நெசமா? வெள்ளிக்கிழமை உங்களைக் காரமடையில சைக்கிளோட பாத்தாராமா.

— பாத்துட்டானா அவன்.

— முட்டி தேஞ்சு மாடிப்படி ஏற மாட்டாதவரு, பீளமேட்டுல இருந்து அத்தனை தூரம் மிதிச்சீங்களா?

— நான் எங்க புள்ள மிதிச்சேன்? பெடலைச் சும்மா அழுத்துனாப் போதும், மீதிய மோட்டார் பாத்துக்குது. மேடு வந்தா பின்னால ஆரோ சீட்டைப் புடிச்சுத் தள்ற மாதிரி இருக்குது. திரும்பி வர, ஒரு டீக்கடையில சார்ஜு போட்டுக்கிட்டேன்.

— தெருமுக்குல பால் வாங்கறக்குத்தானே பெரியவன் அதை வாங்கிக் குடுத்தான்! காரமடையில என்னங்க வேலை?

— கோயிலுக்கு.

— சாமி பேரைச் சொல்லிப் பொய் பேசாதீங்க. அங்க நம்ம பொண்ணு கயலு இருக்கறா.

— ம்.

— நம்மளைக் கேக்காம அவ கண்ணாலம் பண்ணுன அன்னைக்கு என்ன சொன்னீங்க? ‘அவ ஊட்டு வாசப்படிய மிதிச்சீன்னா, என்ற பொணத்தைத்தான் பாப்பே’ன்னீங்க. மூணு வருசமாச்சு. இப்ப எனக்குத் தெரியாம நீங்க போறீங்களா?

— பஸ்ஸுல போனா தெரிஞ்சவன் நாலு பேரு கேப்பான். வண்டியும் ஓட்டத் தெரியாது. இந்தச் சைக்கிளு வந்தப்பறம், ஆரையும் கேக்காம போலாம்னு தைரியம் வந்துச்சு. பேரனுக்கு வயசு ரெண்டு ஆயிருச்சு, மாரி. மொகங்கூடத் தெரியாது எனக்கு.

— உள்ள... உள்ள போனீங்களா?

— இல்லை. மூணு தடவை அவ தெருவோட திரும்பிட்டேன். வெள்ளிக்கிழமைதான் வாசல் வரைக்கும் போனேன். கொழந்தை சிரிக்கற சத்தம் கேட்டுச்சு.

— கல்லு மனசுங்க உங்களுக்கு. அத்தனை தூரம் போயிட்டு, கொழந்தைய ஒரு கண்ணு பாக்காம வருவாங்களா? நான் மட்டும் அன்னைக்கு அக்கா ஊட்டுக்குப் போகாம இங்க இருந்திருந்தா, எங்க கெளம்பறீங்கன்னு உங்களைக் கேட்டிருப்பேன்.

— கதவைத் தட்டக் கையை ஓங்கிட்டேன் புள்ள. கீழ பாத்தா, வாரு அந்துபோனப்ப நான் பச்சை நூல்ல தெச்சுக் குடுத்த உன்ற செருப்பு கெடந்துச்சு.