ஐந்தாவது வெப்சைட்

ஒரே ஹோஸ்டிங் கணக்கில் எத்தனை வெப்சைட் வைக்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். நீங்கள் கேட்டது வேறு கேள்வி, தெரிகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நீங்களே சொன்னீர்கள். டீ நன்றாக இருந்தது, நன்றி.

விஷயம் ரொம்பச் சுலபம். ஒரு வெப்சைட்டின் படங்களும் எழுத்துகளும் எங்காவது ஒரு கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடுவதுதான் ஹோஸ்டிங். பலபேர் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனித்தனியாக இடம் பிடித்து, தனித்தனி பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அல்லாடுவார்கள். அவசியமே இல்லை. ஒரு கணக்கு எடுத்தால் போதும். உள்ளே ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு ஃபோல்டர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தனித்தனிக் கடை. உள்ளே வந்தால் ஒரே வீடு, ஒரே சாவி. சாவி என்னிடம் இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு நான்கு வெப்சைட். ஒன்று என்னுடைய பிரிண்டர் ரிப்பேர் கடைக்கு. இன்னொன்று தம்பியின் டயர் கடைக்கு. மூன்றாவது என் மனைவிக்கு. வீட்டு முன்னறையில் துணி தைத்துக் கொடுக்கிறாள். நான்காவது தங்கைக்கு. அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள்.

நாலு பேரின் மெயிலும் அதே கணக்கில்தான். யார் எழுதினாலும் முதலில் எனக்கு வந்து, நான் பார்த்தபிறகு அவரவருக்குப் போகும்படி செய்து வைத்திருந்தேன். லாட்டரி விழுந்திருக்கிறது, முடி முளைக்கும் என்று வருகிற குப்பையை எல்லாம் யார் பார்ப்பது? அண்ணன் என்று ஒருவன் பின்னே எதற்கு இருக்கிறான்?

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் என் மனைவிக்குக் கன்னாபின்னாவென்று எழுதியிருந்தார். சட்டையின் ஒரு கை முழங்கை வரைக்கும், இன்னொரு கை மணிக்கட்டு வரைக்கும் இருக்கிறதாம். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. அதைக் காட்டி மனசைக் கெடுப்பானேன் என்று, அவள் பெயரில் நானே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த ஆள் மறுவாரமே இன்னும் இரண்டு சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டுப் போனார். மனைவிக்கு ஒரே பெருமை. எல்லாருக்கும் சந்தோஷம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது பொடிசுக்கு வருகிறேன். அவள் வரைகிற யானை சாக்ஸ் போட்டிருக்கும். அதிலும் ஒரு காலுக்கு மட்டும் இருக்காது. ஏன் என்று கேட்டால், "அது அவசரமா கிளம்புச்சுண்ணே" என்பாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், டயர் கடைக்கு வருகிறவர்கள் பேரம் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டுவாள். என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். பொடிசு வெளியூர் போன நாட்களில் நாங்கள் மூன்று பேரும் போனைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அவள் இல்லாத அந்த மேசையை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கும். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பதிப்பகம் அவளுக்கு எழுதியது. எங்களிடமே வந்து வேலை செய்யுங்கள், தங்க வீடு தருகிறோம் என்றார்கள். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு தடவை படித்தேன். பிறகு, குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்போது வர இயலாது என்று அவள் பெயரில் பதில் போட்டேன். சட்டை விஷயத்தில் செய்ததுதான். பழகிய கை.

அதற்குப் பிறகும் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே இருந்தார்கள். நானும் மரியாதையாக மறுத்துக்கொண்டே இருந்தேன். பொடிசு மட்டும் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம், "எனக்கு ஏதாவது வந்துச்சாண்ணே?" என்பாள். வரவில்லை என்பேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அவளாகவே பதிப்பகங்களுக்குப் படங்களை அனுப்பவும் ஆரம்பித்தாள். பதில் வருமா, வராதா என்று அவளைத் தவிக்கவிடுவது பாவம் என்று தோன்றியது. ஏதாவது ஒரு பதில் வந்துவிட்டால் மனசு அடங்கிவிடும்.

என் கணக்கில் புதிதாக ஒரு வெப்சைட் சேர்க்கக் கூடுதலாகக் காசே கேட்பதில்லை. சேர்த்தேன். அது ஒரு பதிப்பகம். அழகான முகப்பு, கண்டிப்பான ஒரு தலைமை ஆசிரியை, எல்லாம் என் கைவேலை. அந்த அம்மாவை எனக்கே பிடித்துப்போய்விட்டது. மூட்டுவலி என்றுகூட ஒரு கடிதத்தில் எழுதினார்.

பொடிசு அங்கேயும் படங்களை அனுப்பினாள். முதல் கடிதத்தில் ஆசிரியை கொஞ்சம் இளகிவிட்டார். இன்னும் உழைத்தால் பார்க்கலாம் என்று எழுதியது என் தப்பு. பொடிசு அதைப் பிடித்துக்கொண்டு மாடியே கதியென்று கிடந்தாள். விரல் வீங்கியும் விடாமல் வரைந்தாள். அதைப் பார்த்தபிறகு அடுத்த கடிதத்தைக் கறாராக எழுத வேண்டியதாயிற்று. 'கோடு சுத்தமாக இருக்கிறது. உயிர் இல்லை. அது பழகி வருவதல்ல.'

அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தாள். பிறகு, "அந்தம்மா சொல்றது சரிதான்ணே" என்றாள். ராத்திரி வெகுநேரம் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். "உன்னை வேணாங்கறவங்களுக்குத்தாம்மா நஷ்டம்" என்று சொன்னேன். மனசறிந்துதான் சொன்னேன்.

எதிர்பாராத ஒரு தொல்லையும் வந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்தப் பதிப்பகத்துக்குக் கதை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் ஆசிரியை பதில் போட்டார், ஏறக்குறைய அதே வரிகள். ஒரு நர்ஸ், தன் கதைகளையெல்லாம் கிழித்துப்போட்டுவிட்டதாக எழுதி, உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்லியிருந்தார். அவருக்கு எத்தனை நேரம் மிச்சம், யோசித்துப் பாருங்கள்.

பொடிசு வண்ணங்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு, டயர் கடையில் பில் போட உட்கார்ந்தாள். அந்த ஒரு வருஷம் வீடு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா. காலையில் தம்பி, பொடிசு, நான் மூன்று பேரும் சேர்ந்து கிளம்புவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். பேரம் பேசுகிறவர்களை நடித்துக் காட்டுவதை மட்டும் அவள் நிறுத்தியிருந்தாள். தினமும் பார்க்கிற முகங்கள்தானே, அலுத்திருக்கும். கடைக்கு நல்ல வாசகம் ஒன்றும் எழுதிக் கொடுத்தாள்: 'காற்று இறங்கினால் கவலை வேண்டாம், ஏற்றிவிட நாங்கள் இருக்கிறோம்.' கடையிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இந்த வரியும் போன் நம்பரும் தானாகவே சேரட்டும் என்று தம்பி கேட்டான்.

அங்கேதான் சறுக்கினேன். டயர் கடைக்கு மட்டும் என்ற கட்டத்தில் டிக் போடுவதற்குப் பதில், கணக்கு முழுவதற்கும் என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். ஒரே கணக்கில் பல வெப்சைட் வைப்பதில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் குறை.

அந்த வாரம் பொடிசு ஆசையை அடக்க முடியாமல் ஆசிரியைக்கு ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தாள். இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியை பதில் எழுதினார். அதன் அடியில், காற்று இறங்கினால் கவலை வேண்டாம் என்றும் இருந்தது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாளாம், தம்பி சொன்னான். பிறகு அது தன் கடை நம்பர் என்று தெரிந்தும் அந்த நம்பருக்குப் போன் செய்தாளாம். அவள் மேசைமேல் இருந்த போன் அடித்தது. அதை எடுக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

என் கடைக்குத்தான் வந்தாள். நான் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன், கையெல்லாம் மை.

"அந்த ஆசிரியை யாருண்ணே?"

"நான்தாம்மா" என்றேன். பொய் சொல்வது எனக்கு வழக்கமில்லை.

"அப்ப, நிஜமாவே எனக்கு யாராவது எழுதினாங்களா?"

"எழுதினாங்க. ஒம்பது பேர்."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்ன எழுதினாங்க?"

"எல்லாரும் நல்லாத்தான் எழுதினாங்க. படத்துல உயிர் இருக்குன்னாங்க."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "எனக்கு வரையவே வராதுன்னு நெனச்சு எத்தனை நாள் அழுதேன். நீதானேண்ணே பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவின."

"பின்ன, உன்னைத் தனியா அழ விட்டுடுவேனா?" என்றேன்.

அன்றைக்கே அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு தோழி வீட்டுக்குப் போனாள். இந்தப் புகாரைக் கொடுத்ததும் அவள்தான், இல்லையா? கெட்டிக்காரி. தம்பி இப்போது என்னோடு பேசுவதில்லை. மனைவி தையல் மெஷினோடு அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். கோபம் தணிந்ததும் எல்லாரும் வந்துவிடுவார்கள். மேசையைத் தினமும் துடைத்து வைக்கிறேன்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு வந்த கடிதங்களை மறைத்தது நான். அவள் பெயரில் மறுத்தது நான். அவளுக்குத் திறமை இல்லை என்று அவளையே நம்ப வைத்ததும் நான். பாஸ்வேர்டை உங்கள் ஆளிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து வெப்சைட்டும் அப்படியே இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசு இப்போது வேறொரு கம்பெனியில் தனிக் கணக்கு எடுத்திருக்கிறாள். ஒற்றை வெப்சைட்டுக்கு முழுசாக ஒரு கணக்கு. வீண் செலவு, இருந்தாலும் நான் தலையிடவில்லை. மறுபடி வரைய ஆரம்பித்திருக்கிறாள், நெஞ்சு நிறைந்துவிட்டது. போன வாரம் ஒரு சின்னப் பதிப்பகம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. புதிய பதிப்பகம், நல்ல மனிதர்கள், பாராட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். சொந்த வீட்டில், குடும்பத்தோடு இருந்தபடிதான் வரைய வேண்டும் என்பது மட்டும் அவர்களுடைய நிபந்தனை. அவள் இன்னும் பதில் போடவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே பார்க்கிறீர்கள்? காலையிலிருந்து நானும் அந்தப் பதிப்பகத்தின் மெயில் பெட்டியைப் போனில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.